வீடு கூப்பிட்டது

மலையைச் சுற்றி வருகிற பாதையில், கால் வலித்துக் கூட்டம் நிழல் தேடுகிற இடத்தில் ஒரு மடம் இருந்தது. பெரிய மடமெல்லாம் இல்லை. ஓட்டுக் கூரை, நீளமாய் ஒரு கூடம், பின்னால் சமையல்கட்டு. வந்தவருக்குக் கஞ்சி, படுக்க ஒரு பாய். அவ்வளவுதான்.

மடத்தை நடத்தியவர் செங்கமலத்தம்மா. வயது நாற்பதைத் தாண்டியிராது. அவருக்குச் சீடராக இருந்த தணிகாசலத்துக்கோ அறுபது முடிந்துவிட்டது. மனைவி போன பிறகு மகன் வீட்டில் எந்த நாற்காலி தன்னுடையது என்று தெரியாமல் கொஞ்ச காலம் நின்று பார்த்துவிட்டு, கிளம்பி வந்தவர் அவர்.

"மகள் வயசு இருக்கும். அவங்ககிட்ட என்னய்யா கத்துக்கப் போறீர்?" என்று எதிர் டீக்கடையில் கேட்பார்கள்.

"கத்துக்க வேண்டிய வயசுல கத்துக்கலையே. இப்போ யார்கிட்டக் கத்துக்கிட்டா என்ன?" என்பார் தணிகாசலம்.

மடத்தில் ஒரே ஒரு விதிதான். வருகிறவரிடம் ஊர் கேட்கக் கூடாது. ஊரைக் கேட்டால் தெருவைக் கேட்கத் தோன்றும். தெருவைக் கேட்டுவிட்டால் அப்புறம் கேட்பதற்கு ஒன்றும் இருக்காது, எல்லாம் தெரிந்துவிடும். கஞ்சி ஊற்றுகிற கைக்கு அது தெரியவேண்டாம் என்பது செங்கமலத்தம்மாவின் கட்டளை.

ஒருநாள் அந்தி சாயும் வேளையில் தணிகாசலம் மெல்லக் கேட்டார்.

"அம்மா, மடத்துக்கு ஒரு போன் வாங்கலாமா?"

"எதுக்கு?"

"உறவு, சொந்தம் எல்லாம் இப்போ அதுக்குள்ளதான் இருக்கு. உலகத்துல யாரும் தனியா இல்ல. நாமதான் தனியா உக்காந்திருக்கோம்."

"உங்க மகன் தேடுவான்னு பாக்கறீங்களா?"

தணிகாசலம் பானையைக் கழுவ எடுத்துக்கொண்டு போனார்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார் செங்கமலத்தம்மா, அவர் முதுகைப் பார்த்து.

அன்றைக்குக் கஞ்சி குடிக்க வந்தவர்களில் ஒரு பெரியவர் இருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துணிப்பை, நெற்றி நிறைய விபூதி. மற்றவர்கள் குடித்துவிட்டு நடையைக் கட்ட, அவர் மட்டும் மூச்சு வாங்குகிறது, விடிந்ததும் போகிறேன் என்று பாயை விரித்தார். தணிகாசலம் பக்கத்தில் உட்கார்ந்தார். பெரியவர் பைக்குள்ளிருந்து போனை எடுத்துக் காட்டினார்.

"இது என் பேரன். பல் இல்லாம சிரிக்கறான் பாருங்க."

"நல்லா இருக்கான் சாமி. தூக்கி வெச்சுக்கறதுண்டா?"

"எங்க... அவங்க ஒரு ஊரு, நான் ஒரு ஊரு. ஆனா தினமும் பாத்துடுவேன், இதுல." விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினார். "இது எங்க குடும்பத்துக் குரூப்பு. மலை சுத்தப் போறேன்னு போட்டேன். எத்தனை பேர் கும்பிடு போட்டிருக்காங்க பாருங்க."

தணிகாசலம் பார்த்தார். மஞ்சள் மஞ்சளாய்க் கூப்பிய கைகள், வரிசையாக.

பெரியவர் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தார். காலையில் எழுப்பப் போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

ஏட்டு மாசிலாமணி வந்தார். நல்ல மனுஷர், மடத்தில் கஞ்சி குடித்தவர்தான். துணிப்பையைத் தரையில் கொட்டினார். துண்டு, பிரஷர் மாத்திரை, விபூதிப் பொட்டலம், போனுக்கான வயர்.

"ஆதார் கார்டு?"

"இல்லீங்க."

"பஸ் டிக்கெட்டாவது?"

"இல்லீங்க."

"எல்லாம் போனுக்குள்ளதான் வெச்சிருப்பார். இப்போ எல்லாரும் அப்படித்தான்" என்று ஏட்டு போனை எடுத்தார். பூட்டியிருந்தது. கொஞ்சம் யோசித்தார். பிறகு இறந்தவரின் வலது கையை எடுத்து, கட்டைவிரலைத் தன் கைக்குட்டையால் மெதுவாகத் துடைத்து, போனின் மேல் வைத்து அழுத்தினார். அது ஒரு நடுக்கம் நடுங்கியது. திறக்கவில்லை. இன்னொரு விரலை வைத்தார். மற்ற கையையும் பார்த்தார்.

"யாருன்னு தெரியலைங்குது சாமி."

"அவர் விரல்தானே ஐயா?"

"உசுரு இருக்கிற விரலைத்தான் அதுக்குத் தெரியுமாம்."

செங்கமலத்தம்மா குனிந்து அந்தக் கையை வாங்கி, நெஞ்சின் மேல் பழையபடி வைத்தார்.

ஏட்டு எழுந்தார். "போன் கம்பெனிக்கு எழுதிக் கேட்டா அட்ரஸ் வரும். ரெண்டு மூணு நாள் இழுக்கும். சாயங்காலம் நாலு மணிக்கு வண்டி வரச் சொல்லிருக்கேன். அதுக்குள்ள வீட்டு ஆளுங்க யாராவது கூப்பிட்டா நேரா வீட்டுக்குக் கொண்டு போயிடலாம். இல்லைன்னா ஜி.எச். ஐஸ் பொட்டிதான். அங்க போயிட்டா அப்புறம் அறுக்காம குடுக்க மாட்டாங்க."

அவர் போனதும், செங்கமலத்தம்மா போனை எடுத்துத் தணிகாசலத்தின் கையில் வைத்தார்.

"கேட்டீங்களே, வெச்சுக்கோங்க."

"அம்மா, இது..."

"உறவெல்லாம் உள்ள இருக்குன்னு சொன்னீங்க. யாராவது ஒருத்தரை வெளியில கூப்பிடுங்க."

தணிகாசலம் சுவரில் இருந்த ஒரே பிளக்கில் வயரைச் சொருகி, பக்கத்திலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தார். வயர் குட்டை. அதைவிட்டு நகர முடியாது. இந்தப் பக்கம் போன், அந்தப் பக்கம் பெரியவர். தலைமாட்டு விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு செங்கமலத்தம்மா.

போன் சும்மா இருக்கவில்லை. நிமிஷத்துக்கு நிமிஷம் முகம் வெளுத்து ஒளிர்ந்தது. 'நம்ம குடும்பம்' என்று எழுத்து ஓடும். கீழே, 'இனிய காலை வணக்கம்.' அப்புறம் வேறொருவர், 'இனிய காலை வணக்கம்.' அதற்குமேல் காட்டாது.

"நிறைய பேர் இருக்காங்கம்மா" என்றார் தணிகாசலம். "ஒருத்தராவது கேப்பாங்க. என்ன இன்னைக்கு வணக்கம் சொல்லலையேன்னு."

"கேக்கட்டும்."

முதல் மணி அடித்தது. தணிகாசலம் திரையை எப்படித் தள்ளுவது என்று தெரியாமல் தள்ளி, காதில் வைத்தார்.

"வணக்கம்" என்றது ஒரு பெண் குரல். தேன் போன்ற குரல்.

"வணக்கம்மா. நான் மடத்துலேருந்து பேசறேன். உங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு..."

"தங்களுக்குச் சிறப்புச் சலுகையாக..."

"அம்மா, கொஞ்சம் மனசைத் திடப்படுத்திக்கோங்க. இங்க பெரியவர் காலையில..."

"ஐந்து லட்சம் ரூபாய் வரை உடனடிக் கடன் பெற, எண் ஒன்றை அழுத்தவும்."

தணிகாசலம் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். அது பேசிக்கொண்டே இருந்தது. தானாக ஓய்ந்தது.

"யாரு?" என்றார் செங்கமலத்தம்மா.

"மிஷினும்மா."

"என்ன சொல்லுச்சு?"

"கடன் குடுக்குதாம். இவருக்கு."

"நம்பிக் குடுக்குதே."

இரண்டாவது அழைப்பில் ஆள் இருந்தார். வாலிபக் குரல். தணிகாசலம் இந்தத் தடவை முந்திக்கொண்டார். "தம்பி, நீங்க மிஷினா, மனுஷனா?"

அந்தப் பையன் சிரித்துவிட்டான். "மனுஷன்தான் சார். பைபாஸ் பக்கத்துல மனை போட்டிருக்கோம்..."

"தம்பி, இந்தப் போன்காரர் இறந்துட்டார். உனக்கு அவர் வீடு தெரியுமா?"

"ஐயோ. ஸாரி சார்."

"அவர் பேர், ஊர் ஏதாவது உங்ககிட்ட இருக்கா?"

"இல்ல சார், நம்பர் மட்டும்தான் குடுப்பாங்க. நாங்க அடிப்போம்." பிறகு அவனே, "சார்... நீங்க மனை வாங்கற ஐடியாவுல இருக்கீங்களா? ஞாயித்துக்கிழமை ஃப்ரீ வேன் விடறோம்."

தணிகாசலம் போனைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"இது யாரு?"

"மனுஷந்தாம்மா. மனை விக்கறவன். ஞாயித்துக்கிழமை வேன் வருமாம்."

"இவருக்கு இன்னைக்கே வருதே."

தணிகாசலத்துக்குச் சுருக்கென்றது. ஆனால் அம்மாவின் முகத்தில் சிரிப்பு இல்லை. எரிகிற திரியை விரலால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்.

வெயில் ஏறியது. பாதையில் போகிறவர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். சிலர் கும்பிட்டார்கள். ஒருவன் கையிலிருந்த போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டான். தணிகாசலம் எழுந்து துரத்தப் பார்த்தார். வயர் இழுத்தது. உட்கார்ந்தார்.

குடும்பத்துக் குரூப்பில் வணக்கங்கள் முடிந்து வேறு என்னென்னவோ வந்தன. 'பூண்டின் மருத்துவக் குணங்கள்.' 'கட்டாயம் அனைவருக்கும் பகிரவும்.' அப்புறம் யாரோ ஒருவருக்குக் கல்யாண நாள். வாழ்த்துக்கு மேல் வாழ்த்து. தணிகாசலம் ஒவ்வொன்றையும் படித்தார். ஒன்றாவது கேள்வியாக இருக்காதா என்று படித்தார்.

வண்டி வர இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கும். போன் டிங் என்று ஒரு சத்தம் போட்டது. ஏதோ நாலு எண்கள் திரையில் விழுந்தன. என்னவென்று பார்ப்பதற்குள் மணி அடித்தது.

திரையில், 'வீடு' என்று இருந்தது.

"அம்மா" என்றார் தணிகாசலம். "வீடும்மா. வீடு கூப்பிடுது."

செங்கமலத்தம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

காலையிலிருந்து மனத்துக்குள் சொல்லிச் சொல்லி வைத்திருந்த வார்த்தைகள் தணிகாசலத்திடம் தயாராக இருந்தன. போனைக் காதில் வைத்தார்.

"மாமா, நான்தான்" என்றது ஒரு பெண் குரல், அவசரமாக. "கேஸ்காரர் சிலிண்டரோட வந்து வாசல்ல நிக்கறார். கனெக்ஷன் இன்னும் உங்க பேர்லயே இருக்கறதால நம்பர் உங்களுக்குத்தான் வந்திருக்கும். நாலு நம்பர். பாத்துச் சொல்லுங்க மாமா."

"அம்மா, வந்து..."

"காலையிலேயே தீந்துபோச்சு மாமா. புள்ளைக்குப் பால்கூடக் காய்ச்சல. அழுதுட்டே இருக்கான், கேக்குதா?"

கேட்டது. குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. பல் இல்லாமல் சிரித்தவன். தூரத்தில் ஓர் ஆண் குரல், "அம்மா, சீக்கிரம். இன்னும் மூணு தெரு இருக்கு" என்றது.

தணிகாசலம் பிறந்த ஊரில் ஒரு முறை உண்டு. இழவு சொல்லப் போகிறவன் நேரே வீட்டுக்குள் நுழைய மாட்டான். வாசலில் நின்று எட்டிப் பார்ப்பான். உள்ளே இலை போட்டிருந்தால், சோற்றில் கை இருந்தால், அப்படியே நின்றுகொள்வான். யாராவது பார்த்து என்ன என்று கேட்டால், "சும்மாதான், தண்ணி குடிக்க வந்தேன்" என்பான். அவர்கள் கை கழுவி வந்த பிறகுதான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாயைத் திறப்பான். சொல்லிவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாதே. வயிற்றில் ஒரு கவளமாவது இருக்கட்டும், அழுவதற்கும் தெம்பு வேண்டும் அல்லவா.

தணிகாசலம் அந்த வாசலில் நின்றார்.

திரையில் இருந்த எண்களைப் பார்த்தார். ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

அந்தப் பெண் அதை உரக்கத் திருப்பிச் சொல்வது கேட்டது. "சரியா இருக்கு" என்றது ஆண் குரல். இரும்பு தரையில் உருளும் சத்தம்.

"சரி மாமா. உங்க குரல் என்ன ஒரு மாதிரி இருக்கு? மலையில பனியா? சளி புடிச்சிருக்கும். வெந்நீர் குடிங்க."

"அம்மா, ஒரு நிமிஷம்..."

"வெச்சுடறேன் மாமா."

வைத்துவிட்டாள்.

தணிகாசலம் போனைத் திருப்பிப் பார்த்தார். அழுத்தினார். தள்ளினார். பூட்டுப் படம்தான் வந்தது. வீடு என்கிற எழுத்தும் போய்விட்டது.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டார் செங்கமலத்தம்மா.

தணிகாசலம் ஒன்றுவிடாமல் சொன்னார்.

"நீங்க சொல்லலையா?"

"புள்ளை அழுதுச்சும்மா. பால் குடிக்கட்டுமேன்னு பாத்தேன். குடிச்சதும் சொல்லிடலாம்னு..."

"ம்."

"நான் பேசினா அவளுக்குத் தெரியும்னு நெனச்சேம்மா. இது மாமா குரல் இல்லையே, யாருன்னு கேப்பா, சொல்லிடலாம்னு நெனச்சேன். கேக்கவே இல்ல."

"பால் குடிச்சிருக்கும்" என்றார் செங்கமலத்தம்மா.

"கூப்பிடுவாம்மா. சளின்னு சொன்னா இல்ல? மருந்து சாப்பிட்டீங்களான்னு கேக்கக் கூப்பிடுவா."

செங்கமலத்தம்மா விளக்குக்கு எண்ணெய் விட்டார்.

தணிகாசலம் போனை மடியில் வைத்துக்கொண்டார். பால் பொங்கியிருக்கும். ஆற்றியிருப்பாள். குழந்தை குடித்துத் தூங்கியிருக்கும். சோறு வைத்திருப்பாள், ரசம் வைத்திருப்பாள், மகன்காரன் வந்து சாப்பிட்டு ரசம் நன்றாக இருக்கிறது என்றும் சொல்லியிருப்பான். கை கழுவியிருப்பார்கள். எல்லாரும் கை கழுவிவிட்டார்கள். வாசலில் நின்றவனை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

நம்ம குடும்பத்தில் யாரோ ஒரு பூங்கொத்துப் படம் போட்டார்கள்.

வண்டி வந்தது. ஏட்டு மாசிலாமணி தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தார்.

"யாராவது கூப்பிட்டாங்களா சாமி?"

தணிகாசலம் தலையை ஆட்டினார். ஆமா என்றும் இல்லை என்றும் இல்லாமல்.

"வீட்டுலேருந்து கூப்பிட்டாங்க" என்றார் செங்கமலத்தம்மா.

ஏட்டுக்கு முகம் மலர்ந்தது. "அப்பாடா. விஷயத்தைச் சொல்லிட்டீங்களா? எந்த ஊராம்?"

"சொல்லல. கேஸ் சிலிண்டருக்கு நம்பர் கேட்டாங்க. குடுத்தாச்சு."

"அதுல ஊர் பேர் ஏதாவது இருக்குதா?"

"நம்பர் மட்டும்தான்."

ஏட்டு என்னவோ கேட்க வாயெடுத்தார். தணிகாசலத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். வண்டியோடு வந்த இருவரும் பெரியவரைத் துணியில் சுற்றித் தூக்கினார்கள். தணிகாசலம் கால் பக்கம் பிடிக்கப் போனார்.

"வேணாம் சாமி, நாங்க பாத்துக்கறோம். இது எங்களுக்குப் பழக்கம்" என்றான் ஒருவன்.

"எனக்கும் பழக்கமாகட்டும்" என்று சொல்லிப் பிடித்துக்கொண்டார்.

ஏட்டு போனை வயரோடு ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, வாயை மடித்துப் பின் அடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். வண்டிக் கதவைச் சாத்தினார்கள். மலை சுற்றுகிறவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். வண்டி போய்விட்டது.

செங்கமலத்தம்மா கூடத்தைக் கழுவிவிட்டார். இறந்தவர் படுத்திருந்த பாயைத் தணிகாசலம் வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, குளித்து, ஈரத்தோடு வந்து படியில் நின்றார். மாலை வெயில் மலை மேல் மட்டும் மிச்சம் இருந்தது.

"அம்மா."

"சொல்லுங்க."

"போலீஸ் போய்ச் சொல்லட்டும், அது வேற. அவங்களா, தானா, மறுபடி கூப்பிடுவாங்களா?"

"கூப்பிடுவாங்க."

தணிகாசலத்தின் முகம் கொஞ்சம் தெளிந்தது. "எப்பம்மா?"

செங்கமலத்தம்மா வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

"இந்த சிலிண்டர் தீந்ததும்."